கையிருப்பு: புகையை விடுவதற்குப் பணம் கொடுக்கலாமா?

போன இதழில் ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டுவரும் தொடர் வைப்பு) பற்றி எழுதும்போது, “சிகரெட்டுக்குப் போகிற காசை அதில் போட்டாலே போதும்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஆர்.டி.யைப் பற்றி வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவைதான் அதிகம். ஆகவே இந்த இதழ் முழுக்க அதுவே. நான் டாக்டர் அல்ல. வங்கியில் டெபாசிட் கவுன்ட்டரிலும் கடன் பிரிவிலும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். மனிதர்கள் தங்கள் பணத்தோடு எப்படி நடந்துகொள்வார்கள் என்பது வரைக்கும்தான் என் எல்லை.

என் கணவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். நாளைக்குப் பத்து சிகரெட். “மூணு மாசம் விட்டுக் காட்டுங்க, என் நகைச்சீட்டுப் பணத்துல பைக்குக்கு முன்பணம் கட்டித் தர்றேன்” என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன். மாமியாரோ, “புருஷனுக்கே கூலியா?” என்கிறார். இது பலிக்குமா? – பெயர் வேண்டாம், திருப்பூர்

மாமியாரிடம் “பந்தயம் கட்டியிருக்கோம் அத்தை” என்று சொல்லிவிடுங்கள். பந்தயம் என்றால் வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பலிக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தை மாற்ற வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. சிகரெட் ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 200, மாதம் 6,000, வருடத்துக்கு 73,000. உங்கள் சீட்டுப் பணத்தைத் தொடாமலே அவரால் பைக்குக்கு முன்பணம் கட்ட முடியும். இது அவருக்குத் தெரியாதா? ஒரு பட்டனுக்கு எத்தனை பைசா என்று கணக்குப் போட்டுப் பிழைக்கிற மனிதர். தெரிந்தும் ஏன் விடவில்லை என்றால், மிச்சமாகும் காசை யாரும் கையில் எண்ணித் தருவதில்லை. இருபது இருபதாகச் சட்டைப்பையிலேயே தங்கி, வடை, பஜ்ஜி, ஜிபே என்று கரைந்துவிடும். சிகரெட்டோ கேட்ட மாத்திரத்தில் வரும். பற்றவைக்க லைட்டரையும் பெட்டிக்கடைக்காரரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அடுத்த வருடத்து 73,000 ரூபாய், இன்றைக்குப் பதினோரு மணி டீயோடு வரும் ஆசையிடம் தினம் தினம் தோற்கிறது. பந்தயப் பணத்துக்கு இருக்கும் ஒரே சாமர்த்தியம், எங்கோ தூரத்தில் இருக்கும் லாபத்தில் ஒரு பகுதியை வருகிற வெள்ளிக்கிழமைக்கு இழுத்து வருவதுதான். அதற்குத் தேதி உண்டு, தொகை உண்டு, எண்ணிக் கொடுக்க ஓர் ஆளும் உண்டு.

இதை ஒரு வங்கியே செய்து பார்த்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸில் மிண்டனாவோ தீவில் பூட்டுவான் என்று ஒரு நகரம். அங்கே கிரீன் பேங்க் ஆஃப் கராகா என்ற சிறிய வங்கி, 2006-ல், புகைபிடிப்பவர்களுக்கென்றே ஒரு சேமிப்புக் கணக்கைக் கொண்டுவந்தது. கேர்ஸ் என்று பெயர். திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் சேவியர் ஜினே, டீன் கார்லன், ஜொனாதன் ஸின்மன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள். வங்கி ஆட்கள் தெருவுக்குப் போய், புகைபிடிப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். ஐம்பது பெசோ போட்டால் கணக்குத் தொடங்கலாம். அதன் பிறகு சிகரெட்டுக்குப் போகும் காசை அதில் போட்டுவர வேண்டும். ஆறு மாதத்துக்கு எடுக்க முடியாது. வட்டி கிடையாது. ஆறாம் மாதம் சிறுநீர்ப் பரிசோதனை. தேறினால் போட்ட பணம் முழுதாகக் கைக்கு வரும். தேறாவிட்டால் மொத்தமும் தர்ம காரியத்துக்குப் போய்விடும்.

பரிசு என்று வங்கி ஒரு பெசோகூடத் தரவில்லை. அவரவர் பணம்தான் பணயம். நான் கவுன்ட்டரில் இருந்த நாளில் இப்படி ஒரு டெபாசிட்டை விற்கச் சொல்லியிருந்தால், மேலதிகாரிக்குக் காய்ச்சலா என்று கேட்டிருப்பேன். வட்டியும் இல்லை, முதலும் போகலாம், எவர் போடுவார்? போட்டார்கள். அழைக்கப்பட்டவர்களில் 100-க்கு 11 பேர் கணக்குத் தொடங்கினார்கள். முடிவைப் பார்க்கும்போது, சேர்ந்தவர் சேராதவர் என்று பிரிக்காமல் அழைக்கப்பட்ட எல்லாரையும் சேர்த்தே எண்ணினார்கள். அப்படி எண்ணியும், அழைக்கப்படாத கூட்டத்தைவிட 100-க்கு 3 பேர் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். பன்னிரண்டாம் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மறுபடி சோதித்தார்கள். அப்போது பணயம் எதுவும் இல்லை, வித்தியாசம் மட்டும் அப்படியே இருந்தது. மூன்று என்பது சின்ன எண்ணாகத் தெரியும். சேர்ந்ததே பதினோரு பேர்தான் என்பதோடு வைத்துப் பாருங்கள்.

அதே ஆய்வில் வேறொரு கூட்டத்துக்குப் புகையின் கேடுகளைப் பயங்கரமாகக் காட்டும் படங்களை அட்டையாக அச்சடித்துக் கொடுத்தார்கள். அதனால் சொல்லும்படியான பலன் இல்லை. நம் ஊர்ப் பெட்டிகளில் அச்சடித்திருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே பற்றவைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு. பணயத்தில் அவர் பணமும் இருக்கட்டும். மாதம் 3,000 அவர் போடட்டும், உங்கள் சீட்டுப் பணத்திலிருந்து நீங்கள் ஒரு பங்கு போடுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்தமாக என்பது கூடாது. முதல் சில வாரம்தான் உடம்பு படுத்தும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், பணமும் அங்கேதான் வேண்டும். முதல் மாதம் வாராவாரம் சின்னத் தொகை, பிறகு மாதாமாதம், பெரிய தொகையை ஆறாம் மாதத்துக்கு வையுங்கள். ஒரு வாரம் சறுக்கினால் அந்த வாரப் பணம் மட்டும் போகட்டும், முழுதும் போய்விட்டால் “போனது போச்சு” என்று அன்றைக்கே ஒரு பாக்கெட் வாங்கிவிடுவார்.

பணத்தை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். தீர்ப்புச் சொல்வதும் நீங்களாக இருக்கவேண்டாம். சட்டையை மோந்து பார்க்கிற வேலை தாம்பத்தியத்துக்கு நல்லதல்ல. அவர் மதிக்கிற அண்ணனோ மச்சானோ நண்பரோ வைத்திருக்கட்டும். தோற்ற பணம் கோயில் உண்டியலுக்கு என்று எழுதாதீர்கள், புண்ணியம்தானே என்று மனசு தேறிவிடும். டீன் கார்லன் பின்னால் ஒரு சட்டப் பேராசிரியரோடு சேர்ந்து ஸ்டிக் என்று ஓர் இணைய நிறுவனம் தொடங்கினார். அதில் தோற்றால் உங்களுக்கு அறவே பிடிக்காத அமைப்புக்குப் பணம் போகும்படி எழுதிக்கொடுக்கலாம். உங்கள் கணவருக்கு ஆகாத கட்சி எது, ஆகாத நடிகர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கோவையில் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நாற்பது பேர், அதில் பாதிப்பேர் புகைப்பார்கள். விடுபவருக்கு 10,000 ரூபாய் தரலாம் என்று நினைத்தேன். என் கணக்குப்பிள்ளை, “அப்போ குடிக்காதவனுக்கு, புகைக்காதவனுக்கு என்ன சார் தருவீங்க?” என்று மடக்கிவிட்டார். – உரிமையாளர், கோவை

கணக்குப்பிள்ளையை விட்டுவிடாதீர்கள், நல்ல ஆள். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலேயே இந்தக் கேள்வி வந்தது. அங்கே 878 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. புகையை விடக் கற்றுத்தரும் வகுப்பை முடித்தால் 100 டாலர், ஆறு மாதத்துக்குள் விட்டால் 250, அதற்குப் பிறகு இன்னொரு ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் 400. வருடம் முடியும் தறுவாயில், பணம் பெறும் கூட்டத்தில் 14.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற கூட்டத்தில் 5 சதவீதம். பலன் தெளிவாகத் தெரிந்ததால் கம்பெனி எல்லாருக்கும் கொண்டுவர நினைத்தது. புகைக்காதவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் பரிசை எடுத்துவிட்டு, புகைப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் 625 டாலர் கூடுதல் கட்டணம் என்று திருப்பிவிட்டார்கள். நாற்பது பேர் பட்டறையில் அந்த வழி வேண்டாம். சம்பளத்தில் கைவைத்தால் அடுத்த வாரமே பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார்கள்.

புகைக்காதவர்களையும் உள்ளே இழுங்கள். புகைப்பவர் ஒருவர், துணைக்குப் புகைக்காதவர் ஒருவர் என்று ஜோடி சேருங்கள். விட்டால் இருவருக்கும் பணம், துணைக்குக் கொஞ்சம் குறைவாக. பன்னிரண்டு மணிக்கு “டீக்கடைக்கு வேணாம்டா, இங்கயே இரு” என்று தடுக்க ஒருவன் வேண்டுமே. கணக்குப்பிள்ளையின் கேள்விக்கும் பாதி பதில் ஆயிற்று.

அவர்கள் பணத்தையும் கொஞ்சம் போடச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. சி.வி.எஸ். என்ற மருந்துக்கடை நிறுவனத்தில் 2,538 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு வெறும் பரிசு, 800 டாலர் வரை. இன்னொரு சாரார் தங்கள் பணம் 150 டாலரைக் கட்டவேண்டும். விட்டால் அதுவும் திரும்பும், மேலே 650-ம் வரும். பரிசு என்றதும் 90 சதவீதம் பேர் சரி என்றார்கள். கைக்காசைக் கட்டு என்றதும் 13.7 சதவீதம்தான். ஆனால் கட்டத் துணிந்தவர்களில் பாதியளவு பேர் விட்டுவிட்டார்கள்! வங்கியில் இருந்தவளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வரவேண்டிய போனஸை மறந்துபோகிறவன்கூட, கட்டிய டெபாசிட் ரசீதை பீரோவில் பூட்டி வைப்பான். பிற்பாடு அந்த நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது முன்பணத்தை 50 டாலராகக் குறைத்து, பரிசை 700 ஆக்கியது. உங்களுக்கும் அதுவே என் யோசனை: ஆளுக்கு 500 ரூபாய் மட்டும் கட்டட்டும், மீதி உங்களுடையது.

பத்தாயிரத்தை ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் 61 கம்பெனிகளில் செய்தபோது மொத்தம் 350 யூரோ. வகுப்பு முடிந்ததும் 50, மூன்றாம் மாதம் 50, ஆறாம் மாதம் 50, வருடக் கடைசியில் 200. எல்லாருக்கும் வகுப்பு உண்டு, ஒரு பாதிக்கு மட்டும் பணமும் உண்டு. வருடம் முடிந்தபோது பணக் கூட்டத்தில் 41 சதவீதம், வகுப்பு மட்டும் இருந்ததில் 26 சதவீதம். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: வகுப்பைச் சிக்கனம் பிடிக்காதீர்கள், ஒரு டாக்டரை மாதம் ஒருமுறை பட்டறைக்கு வரச் சொல்லுங்கள்.

சோதனை இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கையடக்கமான மூச்சுக் கருவி இருக்கிறது. மூச்சை இழுத்துப் பதினைந்து விநாடி அடக்கி, குழாயில் நிதானமாக ஊதவேண்டும். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று திரையில் எண் ஏறும். விட்டவருக்கு ஒன்று இரண்டில் நிற்கும். கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டு வந்தவருக்கு இரண்டு இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் இந்த வாயு ஒரு நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். வெள்ளிக்கிழமை சோதனை என்று அறிவித்தால் வியாழக்கிழமை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். தேதியைச் சொல்லாதீர்கள். பட்டறையில் ஃபர்னஸ் இருந்தால் அந்தப் புகையாலும் எண் ஏறும், அங்கே வேலை பார்ப்பவரைக் காலையில் வந்தவுடன் ஊதச் சொல்லுங்கள். சேர்வதும் சேராததும் அவரவர் இஷ்டம் என்று எழுதி ஒட்டுங்கள். பணமாகக் கொடுப்பதற்கு முன் வரி விஷயத்தை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிகோட்டின் சூயிங்கம் மென்று சிகரெட்டை விட்டிருக்கிறேன். நண்பர்களோடு பந்தயம். சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வேனா? – ஜெ., சேலம்

மாட்டுவீர்கள். சிறுநீரில் தேடுவது கோட்டினின் என்ற பொருளை. நிகோட்டின் உடம்பில் மாறி வருவது அது, சூயிங்கத்தில் இருப்பதும் அதே நிகோட்டின்தானே. உங்களுக்கு மூச்சுக் கருவிதான் நியாயமான சோதனை. சூயிங்கத்தில் புகை கிடையாது, எண் ஏறாது. பந்தய விதியில் இதை இப்போதே எழுதிவிடுங்கள், கடைசி நாளில் சண்டை வேண்டாம்.

தப்புச் செய்பவனுக்குப் பரிசு கொடுப்பது லஞ்சம் இல்லையா? நான் ஒருநாளும் புகைத்தது இல்லை, எனக்கு யாரும் சல்லிக்காசு தரவில்லை. – கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஸ்காட்லாந்தில் இதைவிடக் காரமாகவே கேட்டார்கள், ஏனென்றால் அங்கே கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். கிளாஸ்கோவில் புகைக்கும் கர்ப்பிணிகள் 612 பேர். எல்லாருக்கும் வழக்கமான ஆலோசனை உண்டு. பாதிப்பேருக்கு மட்டும் கடைகளில் மாற்றிக்கொள்ளும் கூப்பன், மொத்தம் 400 பவுண்டு வரை. விடும் தேதி குறித்தால் 50, நாலு வாரம் கழித்தும் விட்டிருந்தால் 50, பன்னிரண்டாம் வாரம் 100, பிரசவம் நெருங்கும்போது 200. கூப்பன் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் கர்ப்பத்தின் கடைசிக் காலத்தில் புகைக்கவில்லை, மற்றவர்களில் 8.6 சதவீதம். முடிவு 2015-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது.

லஞ்சம் வாங்குகிறவன் செய்யக்கூடாததைச் செய்கிறான், அதற்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். இங்கே பணம் வாங்கியவளும் பிழைத்தாள், வயிற்றில் இருப்பதும் பிழைத்தது. எடை குறைந்து பிறக்கும் ஒரு குழந்தையை இன்குபேட்டரில் சில வாரம் வைத்தால் ஆகும் செலவுக்கு அந்த 400 பவுண்டு எந்த மூலைக்கு? உங்களுக்குக் காசு வரவில்லை என்பது உண்மை. மாதம் 6,000 ரூபாய் உங்களிடமே இருக்கிறது, அதை ஆர்.டி.யில் போடுகிறீர்களா?

எனக்கு 61 வயது. பீடிதான், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. சிகரெட்காரருக்கு மாதம் 6,000 மிச்சம் என்கிறீர்கள். எனக்கு 1,000 தேறினால் அதிகம். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு ஒத்துவருமா? – ஓய்வுபெற்ற நடத்துநர், நாகர்கோவில்

ஒத்துவரும் ஐயா. தொகை பெரிதாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று நானும் நினைத்தேன், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. காக்ரேன் என்ற அமைப்பு 2019-ல் இத்தகைய 33 ஆய்வுகளை, 21,600-க்கு மேற்பட்டவர்களின் முடிவுகளை, ஒன்றாக வைத்து அலசியது. பணம் கொடுத்தால் விடுபவர் கூடுகிறார்கள் என்பது உறுதியானது. தொகை கூடக்கூடப் பலனும் கூடுகிறது என்பதற்குத் தெளிவான அடையாளம் இல்லை.

உங்கள் ஆயிரத்தையே பணயமாக்குங்கள். பேரப்பிள்ளை இருந்தால் அவன் பெயரில் அஞ்சலகத்தில் ஆர்.டி. போட்டு, தவணைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பீடி சிகரெட்டைவிட லேசானது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். அணையாமல் இருக்க விடாமல் இழுக்கவேண்டியிருப்பதால் உள்ளே போவது குறைவதில்லை. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசி ஆலோசனை கேட்கலாம். இந்த வயதில், இதயத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிட்டால், நிகோட்டின் சூயிங்கம் தொடங்கும் முன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

பணம் நின்றதும் திரும்பப் பிடிக்க மாட்டார்களா? – எம்., மதுரை

பாதிக்கு மேல் பிடிப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எந்த வழியிலும் அதே கதைதான். கேட்கவேண்டியது, எஞ்சி நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதை. மேலே சொன்ன ஜெனரல் எலெக்ட்ரிக்கில் கடைசித் தவணை கொடுத்து ஆறு மாதம் ஆனபின் மறுபடி சோதித்தார்கள். 14.7 என்பது 9.4 ஆக இறங்கியிருந்தது. மறு கூட்டத்தில் 5 என்பது 3.6. இரண்டுமே இறங்கின, ஆனாலும் ஒன்று மற்றதைவிட இரண்டரை மடங்கு.

நீங்கள் எழுதும் முன்பே நான் விட்டுவிட்டேன், ஆறு மாதம் ஆகிறது. ஆர்.டி.யில் 36,000 சேர்ந்திருக்கிறது. மனைவிக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்து அசத்தலாம் என்றிருக்கிறேன். டாப் லோடா, ஃப்ரன்ட் லோடா? – எஸ்., திருச்சி

வாழ்த்துகள்! அந்த ஆறு மாதமும் உங்கள் எரிச்சலைத் தாங்கிக்கொண்டவர் அவர்தானே, அசத்துவதற்கு முன்னால் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மெஷின்தான் என்றால், உங்கள் வீட்டில் மாடித் தொட்டித் தண்ணீரின் அழுத்தம் எப்படி என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே நாளில் அடுத்த ஆர்.டி.யையும் தொடங்கிவிடுங்கள், தொகையைக் குறைக்காமல்.